44 மடங்கு என்ற எண்ணும் காதுக்குக் கீழே ஒரு வீக்கமும்

சென்ற முறை பரிசோதனைக்குப் போயிருந்தபோது மருத்துவர் வழக்கம்போல் என் கண்களையும் நாக்கையும் முதலில் பார்க்கவில்லை. காது மடலுக்குக் கீழே, தாடை வளையும் இடத்தில் இரு பக்கமும் விரல்களை வைத்து அழுத்தி, இடப்பக்கம் மட்டும் சற்று நேரம் நிறுத்தி, “இந்த வீக்கம் எத்தனை நாளாக இருக்கிறதம்மா?” என்று கேட்டார். இரண்டு மாதமாக இருக்கலாம் என்றேன். “வந்து வந்து போகிறதா, வந்தது அப்படியே நிற்கிறதா?” என்பது அடுத்த கேள்வி. எனக்குப் பதில் தெரியவில்லை. ஒன்பது ஆண்டுகளாக இந்த நோயோடு இருப்பவள், தன் முகத்தைத் தினமும் கண்ணாடியில் பார்ப்பவள், இந்த ஒரு கேள்விக்குப் பதில் சொல்ல முடியாமல் விழித்தேன். அந்தக் கேள்விக்கு ஏன் அத்தனை எடை என்பதை அதன் பிறகுதான் தேடிப் படித்தேன். படித்ததை என்னைப் போன்றவர்களுக்காக இங்கே எழுதி வைக்கிறேன்.

எனக்கு இருப்பது ஷோக்ரன் நோய். உடலின் எதிர்ப்பு அணுக்கள் வெளியிலிருந்து வரும் கிருமியை விட்டுவிட்டு, கண்ணீரையும் உமிழ்நீரையும் சுரக்கும் சொந்தச் சுரப்பிகளுக்குள் புகுந்து குடியேறிவிடுகின்றன. கண்ணில் மணல் விழுந்தாற்போன்ற உறுத்தல், தண்ணீரில்லாமல் விழுங்க முடியாத சோறு, இரவில் மேலண்ணத்தோடு ஒட்டிக்கொள்ளும் நாக்கு, காரணம் சொல்ல முடியாத களைப்பு ஆகியவையே பெரும்பாலோருக்கு இதன் அன்றாட முகம். பாதிக்கப்படுவோரில் பத்தில் ஒன்பது பேர் பெண்கள். நாற்பதுக்கும் அறுபதுக்கும் இடைப்பட்ட வயதில்தான் பலருக்குத் தெரிய வருகிறது. இதற்குப் பெயர் தந்த ஹென்ரிக் ஷோக்ரன் சுவீடனின் கண் மருத்துவர். 19 பெண்களின் உலர்ந்த கண்களைப் பற்றி 1933-ஆம் ஆண்டில் அவர் எழுதிய ஆய்வேட்டில், அவர்களில் 13 பேருக்கு மூட்டு வாதமும் இருந்ததைக் குறிப்பிட்டிருந்தார். அந்த ஆய்வேட்டுக்குப் போதிய தர மதிப்பு வழங்கப்படாததால் பல்கலைக்கழக ஆசிரியராகும் தகுதி அவருக்குக் கிட்டாமல் போனது. உலகம் இன்று அவர் பெயரையே நோய்க்கு வைத்திருக்கிறது என்பதில் எனக்கு ஒரு சின்ன மகிழ்ச்சி உண்டு.

உலர்ந்த கண்ணும் வாயும் தொல்லை தருபவையே தவிர உயிரை எடுப்பவை இல்லை என்றுதான் நானும் எண்ணியிருந்தேன். மருத்துவரின் கேள்விக்குப் பிறகு, அன்றிரவு கைபேசியில் தேடியபோது முதலில் கண்ணில் பட்டது ஓர் எண்: இந்த நோய் உள்ளவர்களுக்கு லிம்போமா எனப்படும் நிணநீர்ப் புற்று வரும் அபாயம் மற்றவர்களைவிட 44 மடங்கு. படித்தவுடன் கைபேசியைக் கவிழ்த்து வைத்துவிட்டேன். மறுநாள் காலையில் மனம் சற்றுத் தெளிந்த பிறகுதான், அந்த எண் எங்கிருந்து பிறந்தது என்று பார்க்கத் தோன்றியது.

அது 1978-ஆம் ஆண்டு அமெரிக்கத் தேசிய சுகாதார நிறுவனத்திலிருந்து வெளிவந்த ஓர் ஆய்வு. ஷோக்ரன் உள்ளவர்களுக்கு நிணநீர்ப் புற்று வருவதை அதே நிறுவனத்தின் மருத்துவர்களான டலாலும் பூனிமும் 1964-இலேயே 58 நோயாளிகளை வைத்து எழுதியிருந்தார்கள். அந்தக் கவனிப்பைக் கணக்காக்கிப் பார்த்ததுதான் பிந்தைய ஆய்வு. 136 பெண்களைச் சராசரியாக எட்டு ஆண்டுகள் தொடர்ந்து கவனித்தார்கள். அவர்களில் 7 பேருக்கு நிணநீர்ப் புற்று வந்தது. அதே வயதுள்ள, நோயற்ற 136 பெண்களிடம் அத்தனை காலத்தில் எதிர்பார்க்கக்கூடிய எண்ணிக்கை 0.16, அதாவது ஒருவர்கூட இல்லை. 7-ஐ 0.16-ஆல் வகுத்தால் ஏறக்குறைய 44. கணக்கில் பிழை எதுவுமில்லை. ஆனால் அதே கணக்கை மறுபுறம் திருப்பிப் பார்த்தால், அந்த 136 பேரில் 129 பேருக்கு நிணநீர்ப் புற்று வரவில்லை என்பதும் அதே தாளில்தான் இருக்கிறது. மிகச் சிறிய எண்ணால் எதை வகுத்தாலும் விடை பெரிதாகத்தான் வரும் என்பது பள்ளிக்கூடத்தில் படித்ததுதான். அச்சத்தோடு படிக்கும்போது அது நினைவுக்கு வருவதில்லை.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். அத்தகைய பெரிய ஆராய்ச்சி நிறுவனத்துக்குப் போய்ச் சேருபவர்கள், வேறெங்கும் அடங்காத அளவுக்கு நோய் முற்றியவர்களாகவே பெரும்பாலும் இருப்பார்கள். பிற்பாடு பல ஆய்வுகளைத் தொகுத்து 2005-இல் வெளியான கணக்கில் அந்த 44, ஏறத்தாழ 19 ஆகக் குறைந்தது. அதே தொகுப்பில் லூப்பஸ் நோய்க்கு ஏழு மடங்கும் முடக்குவாதத்துக்கு நான்கு மடங்கும் வந்தன. ஆகவே தன்னுடல் தாக்கு நோய்களில் நிணநீர்ப் புற்றோடு மிக நெருங்கிய உறவு ஷோக்ரனுக்குத்தான் என்பது குறைந்த கணக்கிலும் மாறவில்லை. வாழ்நாள் முழுவதையும் சேர்த்துப் பார்த்தால், நூறு நோயாளிகளில் ஐந்து முதல் பத்துப் பேர் வரை இதைச் சந்திக்கிறார்கள் என்று பொதுவாகச் சொல்லப்படுகிறது. இது அலட்சியம் செய்யக்கூடிய அளவு இல்லை. கைபேசியைக் கவிழ்த்து வைக்க வேண்டிய அளவும் இல்லை.

சுரப்பியில் நடக்கும் ஒரு சண்டை எப்படிப் புற்றாக மாறுகிறது என்பது எனக்கு நெடுநாள் புரியாமல் இருந்தது; புரிந்தபோது இந்த நோயைப் பார்க்கும் விதமே மாறியது. வெள்ளணுக்களில் பி செல் என்றொரு வகை உண்டு. எதிர்ப்பொருள்களை உருவாக்குவது அவற்றின் வேலை. சாதாரணத் தொற்று வந்தால் அவை பெருகும், கிருமி ஒழிந்ததும் பெரும்பாலானவை மடிந்துவிடும். ஷோக்ரனில் தாக்கப்படும் பொருள் நம் சொந்த உடலிலேயே இருப்பதால் அது ஒழிவதே இல்லை. எனவே தூண்டுதல் ஆண்டுக்கணக்கில் நீடிக்கிறது. மடிய வேண்டிய பி செல்களை மடியவிடாமல் காக்கும் சில புரதங்களும் இந்நோயாளிகளின் உடலில் மிகுந்திருக்கின்றன. செல் ஒவ்வொரு முறை பிரியும்போதும் மரபுப் பொருளைப் படியெடுக்க வேண்டும். படியெடுப்பில் பிழை நேரலாம். ஓயாமல் பிரிந்துகொண்டே இருக்கும் கூட்டத்தில் பிழைகள் சேர வாய்ப்பு அதிகம். முதலில் பலவகைப் பி செல்கள் கலந்த கூட்டமாக இருப்பது, பிறகு சில குடும்பங்கள் மட்டும் ஓங்கிய கூட்டமாகி, கடைசியில் ஒரே செல்லின் வழித்தோன்றல்கள் கட்டுப்பாடின்றிப் பெருகும் நிலைக்கு வந்தால் அதுவே புற்று. சில நோயாளிகளிடம், இந்தத் தூண்டுதலை அடக்க வேண்டிய மரபணுவிலேயே கோளாறு இருப்பதையும் கண்டிருக்கிறார்கள். பிரேக் தேய்ந்த வண்டி சரிவில் இறங்குவதைப்போல.

இதே கதை வயிற்றிலும் உண்டு. ஹெலிகோபேக்டர் என்ற கிருமி இரைப்பைச் சுவரில் பல ஆண்டுகள் தங்கியிருந்தால், இயல்பில் அங்கே இல்லாத நிணத்திசு உருவாகி, அதிலிருந்து நிணநீர்ப் புற்று முளைக்கலாம். இத்தகைய புற்றை மால்ட் வகை என்று 1983-இல் ஐசக்சனும் ரைட்டும் தனியே அடையாளம் காட்டினார்கள். வியப்பு என்னவென்றால், வயிற்றில் வரும் அந்தப் புற்று பலருக்கு வெறும் கிருமிக்கொல்லி மருந்தாலேயே கரைந்துவிடுகிறது. தூண்டுதல் போனால் புற்றும் போய்விடுகிறது. உமிழ்நீர்ச் சுரப்பியில் வருவதும் பெரும்பாலும் இதே மால்ட் வகைதான். ஆனால் இங்கே தூண்டுவது நம் உடலே என்பதால் அதை விரட்ட மாத்திரை கிடையாது.

இனி மருத்துவரின் கேள்விக்கு வருகிறேன். ஷோக்ரன் உள்ளவர்களுக்குக் காதுக்குக் கீழுள்ள பரோடிட் சுரப்பி அவ்வப்போது பொன்னுக்கு வீங்கி வந்ததுபோல வீங்கும். சில நாள்களில் அல்லது சில வாரங்களில் வற்றிவிடும். எச்சில் பாதை அடைபட்டாலும் இப்படி ஆகலாம், தொற்று ஏற்பட்டாலும் ஆகலாம். அந்த ஏற்ற இறக்கம் தொல்லைதான். ஆனால் கவலைக்குரியது வற்றாத வீக்கம். மாதக்கணக்கில் ஒரே அளவில் நிற்பது, ஒரு பக்கம் மட்டும் பெரிதாவது, தொட்டால் கெட்டியாகவோ முடிச்சாகவோ தட்டுப்படுவது ஆகியவை உடனே பார்க்கப்பட வேண்டியவை. 1978-ஆம் ஆண்டின் ஆய்விலேயே, பரோடிட் வீக்கமும் நெறிகட்டலும் மண்ணீரல் பெருத்தலும் இருந்தவர்களிடம்தான் புற்று அதிகம் காணப்பட்டது. ஆக, அந்த 44 என்பது எல்லோர் தலையிலும் சமமாகப் பங்கு போடப்பட்ட அபாயம் இல்லை. ஒரு சிறு பிரிவினரிடம் அது குவிந்து கிடக்கிறது. மற்றவர்களிடம் மிகக் குறைவு. எனக்கு நிம்மதி அளித்ததும் இதுதான், நிம்மதியைக் கெடுத்ததும் இதுதான், ஏனென்றால் நான் எந்தப் பிரிவில் இருக்கிறேன் என்பதை இனி தெரிந்துகொண்டாக வேண்டும்.

அந்தப் பிரிவை அடையாளம் காட்டும் குறிகள் சிலவற்றை நாமே பார்க்கலாம், சிலவற்றை ஆய்வகம்தான் பார்க்க முடியும். முழங்காலுக்குக் கீழே தடவினால் மேடாகத் தட்டுப்படும் ஊதாப் புள்ளிகள் முக்கியமானவை. குளிரில் உறைந்து சூட்டில் கரையும் ஒருவகைப் புரதங்கள் இரத்தத்தில் சேர்ந்து சிறு நாளங்களை அழற்சிக்குள்ளாக்கும்போது அவை தோன்றுகின்றன. கொசுக்கடி என்றும் காலணி உராய்வு என்றும் பலர் விட்டுவிடுகிறார்கள். இரத்தப் பரிசோதனையில் சி4 எனப்படும் புரதம் குறைந்திருப்பது அபாயத்தின் மிக உறுதியான குறிகளுள் ஒன்று. வெள்ளணுக்கள் குறைவது, ஒரே வகை எதிர்ப்பொருள் மட்டும் தனித்து உயர்ந்திருப்பது, முடக்குவாதத்தில் பெரும்பாலும் காணப்படும் எதிர்ப்பொருளான ஆர்.ஏ. ஃபேக்டர் இருப்பது ஆகியவையும் கணக்கில் வரும். நோயை உறுதிசெய்யக் கீழுதட்டின் உட்புறத்திலிருந்து சில சிறு சுரப்பிகளை எடுத்து ஆராய்வார்கள். பி செல் போன்ற வெள்ளணுக்களான நிண அணுக்கள் குறைந்தது 50 கூட்டமாக இருந்தால் அது ஒரு குவியம்; 4 சதுர மில்லிமீட்டர் பரப்புக்கு எத்தனை குவியம் என்று எண்ணுவார்கள். நோயைச் சொல்ல ஒரு குவியம் போதும். எண்ணிக்கை மூன்றையோ நான்கையோ தாண்டினால் பிற்காலப் புற்று அபாயமும் கூடுகிறது. ஆண்டுகளுக்கு முன் எடுத்த அந்த அறிக்கை பலரிடம் ஏதோ ஒரு கோப்பின் அடியில் கிடக்கும். எடுத்துப் பாருங்கள், அதில் எண் இருக்கும்.

ஒரு விசித்திரத்தையும் சொல்ல வேண்டும். பல ஆண்டுகளாக மிக உயர்ந்திருந்த எதிர்ப்பொருள்களின் அளவும் ஆர்.ஏ. ஃபேக்டரும் ஒருநாள் தாமாகவே குறைந்தால், அறிக்கையைப் பார்க்கும் நமக்கு மகிழ்ச்சியாகத்தான் இருக்கும். ஆனால் சிகிச்சை எதுவும் மாறாமல் அவை விழுவது சிலரிடம் நிணநீர்ப் புற்று தொடங்கியதன் அறிகுறியாக இருந்திருக்கிறது. நல்ல செய்திபோல் தோன்றுவதையும் மருத்துவரிடம் காட்டிக் கேட்பதே சரி.

இவற்றையெல்லாம் ஒருநாள் தொலைபேசியில் என் தங்கையிடம் சொல்லிக்கொண்டிருந்தேன். அவளுக்குப் பத்தாண்டுகளாக ஹாஷிமோட்டோ தைராய்டு. “அக்கா, அதுவும் சுரப்பியைத் தாக்கும் நோய்தானே, எனக்கும் வருமா?” என்று கேட்டாள். நியாயமான கேள்வி. ஜப்பானிய மருத்துவர் ஹகாரு ஹாஷிமோட்டோ 1912-இல் இந்நோயை விவரித்தபோதே, தைராய்டு முழுவதும் நிண அணுக்களால் நிறைந்திருப்பதைக் கண்டு அதற்கேற்ற பெயரைத்தான் சூட்டியிருந்தார். தைராய்டிலேயே தொடங்கும் நிணநீர்ப் புற்று வந்தவர்களில் பெரும்பாலோருக்கு முன்பே ஹாஷிமோட்டோ இருந்திருக்கிறது. மடங்குக் கணக்கில் சொன்னால் அபாயம் அறுபதைத் தாண்டும், அதாவது என்னுடைய 44-ஐவிடப் பெரிய எண். ஆனாலும் என் தங்கை என்னைவிடக் குறைவாகவே கவலைப்பட வேண்டும். ஹாஷிமோட்டோ மிகப் பரவலான நோய். தைராய்டு நிணநீர்ப் புற்றோ மிக அரிது, தைராய்டில் வரும் புற்றுகளிலேயே நூற்றுக்கு ஐந்துக்கும் குறைவு. அரிதிலும் அரிதான ஒன்றை அறுபதால் பெருக்கினாலும் அது அரிதாகவே இருக்கும். மடங்குக் கணக்கை மட்டும் பிடித்துக்கொண்டு தொங்குவது எவ்வளவு ஏமாற்றும் என்பதற்கு எங்கள் இருவரையும்விட நல்ல எடுத்துக்காட்டு தேவையில்லை. அவளிடம் நான் சொன்னது இவ்வளவுதான்: கழுத்து முன்புறம் சில வாரங்களில் வேகமாகப் பெருத்தாலோ, குரல் கம்மினாலோ, விழுங்குவதில் தடை தெரிந்தாலோ அடுத்த பரிசோதனை நாள் வரை காத்திராதே.

என் வீக்கத்துக்கு வருகிறேன். முன்பொருமுறை இதே போன்ற வீக்கத்துக்கு, வேறோரிடத்தில், என்னவென்று ஆராயாமலேயே ஸ்டீராய்டு மாத்திரை எழுதிக் கொடுத்தார்கள். வீக்கம் நான்கே நாளில் வற்றியது. நானும் அவர்களை மனத்துக்குள் வாழ்த்தினேன். ஸ்டீராய்டு நிணநீர்ப் புற்றையும் தற்காலிகமாகச் சுருக்கிவிடும் என்பதும், அதன் பிறகு எடுக்கும் திசுவில் உண்மை தெரியாமல் போகலாம் என்பதும் அப்போது எனக்குத் தெரியாது. இம்முறை மருத்துவர் எந்த மாத்திரையும் தரவில்லை. முதலில் ஸ்கேன். சுரப்பிக்குள் கறையான் அரித்த பலகைபோல எங்கும் சிறு கரும்பொட்டுகள். அது இந்நோயில் எதிர்பார்ப்பதுதான். அவற்றுக்கிடையில் ஒன்று மட்டும் மற்றவற்றைவிடப் பெரிதாக இருந்தது. அதிலிருந்து திசு எடுக்க வேண்டும் என்றார்கள்.

மெல்லிய ஊசியால் சில அணுக்களை உறிஞ்சிப் பார்த்தால் போதாதா என்று கேட்டேன். போதாது என்பதற்கு அவர் சொன்ன விளக்கம் எனக்குப் பிடித்திருந்தது: செங்கல்லை மட்டும் பார்த்து அது கோயிலுடையதா சிறையுடையதா என்று சொல்ல முடியாது, சுவரின் அமைப்பைப் பார்க்க வேண்டும். ஷோக்ரன் சுரப்பியில் நிண அணுக்கள் எப்படியும் நிறைந்துதான் இருக்கும். ஒரே செல்லின் வழித்தோன்றல்கள் அதில் தெரிந்தாலும் அது மட்டுமே புற்றென்று ஆகாது. அவை எப்படி அடுக்கப்பட்டிருக்கின்றன, சுரப்பிக் குழாய்களை எவ்வாறு சூழ்ந்து அழிக்கின்றன என்பதைப் பார்த்துத்தான் தீர்ப்புச் சொல்கிறார்கள். அதற்குத் திசு துண்டாக வேண்டும். அறுத்தெடுக்கலாம் என்றால், முகத் தசைகளை இயக்கும் நரம்பு பரோடிட் சுரப்பியின் ஊடாகவே போகிறது. அதில் கத்தி பட்டால் வாய் கோணிவிடும். எனவே ஸ்கேனில் பார்த்துக்கொண்டே சற்றுத் தடித்த ஊசியால் மூன்று சிறு துண்டுகள் எடுத்தார்கள். மரத்துப்போகும் ஊசி போட்டதுதான் வலித்தது. அதன் பிறகு எட்டு நாள் காத்திருப்பு.

அந்த எட்டு நாளில், புற்றென்றே வந்தால் என்ன ஆகும் என்பதையும் படித்து முடித்தேன். சுரப்பியில் வரும் மால்ட் வகை மிக மெதுவாக வளர்வது. அது சுரப்பியோடு நின்று, தொல்லையும் தராமல் இருந்தால், மருந்தே தொடங்காமல் ஒழுங்காகக் கண்காணிப்பது மட்டும்கூட ஏற்கப்பட்ட வழியாக இருக்கிறது. சிகிச்சை தேவைப்பட்டால், பி செல்களைக் குறிவைத்து அழிக்கும் ரிட்டுக்ஸிமாப் என்ற மருந்தைத் தனியாகவோ வேறு மருந்துகளோடு சேர்த்தோ கொடுக்கிறார்கள். இது 1997-ஆம் ஆண்டு முதல் நிணநீர்ப் புற்றுக்குப் பயன்பாட்டில் உள்ளது. வேகமாகப் பெருகும் இன்னொரு வகையும் உண்டு. அது தானாகத் தோன்றலாம், மெதுவான வகையே காலப்போக்கில் அப்படி மாறவும் செய்யலாம்; அதற்குத் தாமதமின்றி முழுமையான கீமோதெரபி வேண்டும். விடாத காய்ச்சல், இரவில் படுக்கை நனையும் அளவு வியர்வை, காரணமில்லாத எடைக் குறைவு ஆகியவை இந்த வேகமான வகையில் அதிகம் தெரியும். மெதுவான வகையில் அவை இல்லாமலேயே இருக்கலாம் என்பதால், காய்ச்சல் இல்லையே என்று வற்றாத வீக்கத்தோடு சும்மா இருந்துவிடக் கூடாது.

ஒன்பதாம் நாள் அறிக்கை வந்தது. நாட்பட்ட அழற்சி, குழாய்களைச் சூழ்ந்த நிண அணுக்கள், நிணநீர்ப் புற்றுக்கான சான்று இல்லை. மருத்துவர் அதை இருமுறை படித்துவிட்டு, “இன்றைக்கு இல்லை” என்றார். அந்த ‘இன்றைக்கு’ என்ற சொல் வீடு வரும் வரை காதில் ஒலித்தது. இரக்கமில்லாத சொல் என்று முதலில் தோன்றியது, பிறகு நேர்மையான சொல் என்று தோன்றியது. என் சி4 அளவு குறைவாகத்தான் இருக்கிறது. உதட்டுத் திசு அறிக்கையைத் தேடி எடுத்ததில் குவிய எண் 3.5. ஆகவே நான் குறைந்த அபாயப் பிரிவில் இல்லை. அவரும் அதை மழுப்பவில்லை. ஆறு மாதத்துக்கு ஒருமுறை இரத்தப் பரிசோதனையும் ஸ்கேனும், இடையில் வீக்கம் பெருத்தால் மறுபடியும் திசு என்று முடிவு செய்தோம்.

இப்போது ஒரு சிறு குறிப்பேடு வைத்திருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை காலையில், ஒரே வெளிச்சத்தில், ஒரே கோணத்தில் இரு பக்கமும் படம் எடுத்து, விரலால் தொட்டுப் பார்த்ததை ஒரு வரியில் எழுதுகிறேன். தினமும் தொட்டுப் பார்த்தால் அச்சம்தான் பெருகும், வேறுபாடு தெரியாது. வாரம் ஒருமுறை போதும் என்று மருத்துவரே சொன்னார். பதினான்கு வாரக் குறிப்பு சேர்ந்திருக்கிறது. நான்காம் வாரத்தில் ‘சற்று வற்றியது’ என்றும் பத்தாம் வாரத்தில் ‘மீண்டும் வீக்கம், வலியில்லை’ என்றும் பன்னிரண்டாம் வாரத்தில் ‘வற்றியது’ என்றும் எழுதியிருக்கிறேன். அடுத்த முறை அவர் கேட்டால், வந்து வந்து போகிறது என்று சொல்வேன்.